பாங்காக்கில் நாய்க்கடி, ராயபுரத்தில் மீதி ஊசி: ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னை ராயபுரத்தில் மாலை நேர கிளினிக் நடத்தும் பொதுநல மருத்துவர் நான். 2024 ஆகஸ்டில் எங்களிடம் வந்த ஒரு கேஸைப் பற்றி எழுதுகிறேன். நோயாளியின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். மருத்துவ ரீதியில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாய் கடித்தது, ரேபிஸுக்கு (வெறிநாய்க்கடி நோய்க்கு) ஊசி போட்டார்கள், ஆள் நலமாக இருக்கிறார். ஆனால் ஒரே சிகிச்சை இரண்டு நாடுகளில் பாதிப் பாதியாக நடக்கும்போது அது எங்கெங்கே அறுந்துபோகப் பார்க்கிறது என்பதை இந்தக் கேஸ் நன்றாகக் காட்டியது. மண்ணடி, ராயபுரம், காசிமேடு பக்கம் வீட்டுக்கு ஒருவராவது கப்பலிலோ வளைகுடாவிலோ வியாபாரத்திலோ வெளிநாடு போய் வருகிறவர்தான். அதனால் எழுதி வைப்பது உபயோகம் என்று தோன்றியது.

ஆள்

வயது 46. பர்மா பஜாரில் ரெடிமேட் துணியும் ஃபேன்சி பொருளும் விற்கிற கடை. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாங்காக் போய் பிரதுநாம் சந்தையில் சரக்கு எடுத்து வருவார். எந்தச் சந்தில் என்ன மலிவு என்று அவருக்கு மனப்பாடம். தாய்லாந்து மொழியில் விலை பேசவும் வரும்.

தடுப்பூசி விஷயத்தில் அவரை அலட்சியக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஹஜ் போனபோது மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு அந்தச் சான்றிதழை இன்னும் பாஸ்போர்ட் கவரிலேயே வைத்திருக்கிறார். கோவிட் ஊசிகளும் முடித்தவர். அவருடைய தம்பி கப்பலில் வேலை பார்க்கிறார், கையில் மஞ்சள் காய்ச்சல் அட்டை இருக்கிறது. அதைப் போடுகிற துறைமுக சுகாதார அலுவலகம் ராஜாஜி சாலையில்தான். அண்ணனின் கடையும் அதே சாலையில்தான். அந்த வீட்டில் தடுப்பூசி அட்டை என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் இரவு

ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, இருட்டுகிற நேரம். பிரதுநாமில் ஒரு பக்கச் சந்தில் நடந்துகொண்டிருந்தவர், கடை வாசலில் படுத்திருந்த நாயின் வாலை மிதித்துவிட்டார். நாய் இடது கெண்டைக்காலில் ஒரு கவ்வு கவ்விவிட்டு விலகிவிட்டது. ஜீன்ஸ் கிழியவில்லை. அறைக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு பல் புள்ளிகள், லேசாக ரத்தம். கூட வந்த மச்சான் ஊருக்கு என்று வாங்கி வைத்திருந்த தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டார். வண்ணாரப்பேட்டையில் என்றால் மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ வைத்திருப்பார்கள். பாங்காக்கில் தைலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் மனைவிதான் எனக்கு போன் செய்தார். "டாக்டரம்மா, அவரை அங்க நாய் கடிச்சிருச்சாம். சொல்லவே இல்ல, மச்சான் வாய் தவறிச் சொல்லிட்டாரு." அவருடைய போன் எண்ணை வாங்கி வாட்ஸாப்பில் அழைத்தேன்.

"ரெண்டு புள்ளிதான் டாக்டரம்மா. பேண்ட்கூட கிழியல. சனிக்கிழமை வந்துடுவேன், அங்க வந்தே போட்டுக்கறேனே."

"பேண்ட் கிழியலைன்னா பல்லு எறங்கலைன்னு அர்த்தம் இல்ல பாய். ரத்தம் வந்துச்சா?"

"லேசா."

"அப்போ சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். மொதல்ல அந்தத் தைலத்தைக் கழுவி எடுங்க. சோப்பு போட்டு, ஓடற தண்ணியில, கால் மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே கழுவுங்க."

இந்தக் கால் மணி நேரத்தை யாரும் மதிப்பதில்லை. ரேபிஸ் கிருமி காயத்திலிருந்து நரம்புக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே மூளைக்குப் போகிறது. நரம்பில் ஏறுவதற்கு முன் சோப்பும் தண்ணீரும் அதை நிறைய அளவு காலி செய்துவிடும். ஊசி தேடி ஓடும் அவசரத்தில் இதைத்தான் முதலில் விடுகிறோம். ஹோட்டல் அறைக் குழாயில் காசில்லாமல் செய்யக்கூடிய ஒரே சிகிச்சையும் இதுதான்.

நடுவில் மச்சானின் குரல் கேட்டது: "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாமே டாக்டரம்மா?" அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஆட்டு மூளைத் திசுவில் செய்த பழைய தடுப்பூசியை வயிற்றில்தான் நாள் கணக்கில் போட்டார்கள். குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் பல ஆண்டுகள் அதைத் தயாரித்தது. இந்தியாவில் 2004 டிசம்பரோடு அந்த வகைத் தயாரிப்பே நின்றுவிட்டது. இன்றைக்குப் போடுவது கைத்தசையில் ஐந்து ஊசி, அல்லது தோலுக்குள் சின்னச் சின்ன அளவாக நான்கு தடவை. இருபது வருடம் கழிந்தும் வடசென்னையில் அந்தப் பதினாலு மட்டும் போகவில்லை. அந்த எண்ணுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே போவது

ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை இருந்தது. பெயர் வேண்டாம். அவசரப் பிரிவில் டெட்டனஸ் ஊசியும், ரேபிஸ் தடுப்பூசியின் முதல் டோஸும், ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் கொடுத்தார்கள். புண்ணைத் தைக்காமல் விட்டார்கள். அது சரியான முடிவு. இம்யூனோகுளோபுலின் மட்டும் அன்றிரவு கையிருப்பில் இல்லை, காலையில் வரவழைக்கலாம் என்றார்கள். அதற்குச் சொன்ன மதிப்பீட்டைப் பார்த்ததும் இவர் சரக்கு வாங்க வைத்திருந்த பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

இம்யூனோகுளோபுலின் எதற்கு? தடுப்பூசி போட்டால் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் காயத்திலேயே கிருமியை மடக்க, ரெடியாகச் செய்த எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்துகிறார்கள். தோலைக் கிழித்த கடி உலக சுகாதார நிறுவனக் கணக்கில் மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, இதுவும் வேண்டும். முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு உடம்பே தயாராகிவிடுவதால் பயனில்லை. சனிக்கிழமை சென்னைக்கு வந்திருந்தாலும் கெடுவுக்குள்தான் இருந்திருப்பார். ஆனால் நரம்புக்கு அந்தக் கெடு தெரியாது.

செலவு விஷயத்தில் ஒரு நுணுக்கம். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த வகை என்றால் கிலோவுக்கு 40 யூனிட். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் 20. இவர் எடை 82 கிலோ. கணக்குப்படி 3,280 அல்லது 1,640 யூனிட். பலர் இதை முழுசாகப் போட்டே தீர வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது உச்சவரம்புதான். காயத்தில் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு போதும், மீதியைத் தொடையில் குத்தத் தேவையில்லை என்று 2018 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கெண்டைக்காலில் இரண்டு புள்ளிக்கு எவ்வளவு ஏறிவிடும்? மதிப்பீட்டுச் சீட்டு முழு எடைக்குப் போட்டிருந்தது.

பாங்காக்கில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நோய்த்தடுப்பு படிக்கிற எவருக்கும் தெரியும். ராமா நான்காம் சாலையில் உள்ள ராணி சவோபா நினைவு நிறுவனம். தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்துடையது. சுற்றுலாப் பயணிகள் அதைப் பாம்புப் பண்ணை என்று அறிவார்கள். விஷமுறிவு மருந்துக்குப் பாம்பு வளர்க்கிறார்கள், பார்வையாளருக்கும் காட்டுகிறார்கள். அங்கேயே விலங்குக்கடிப் பிரிவும் பயணிகளுக்கான தடுப்பூசிப் பிரிவும் இருக்கின்றன. நம் அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடுகிற ரேபிஸ் ஊசி முறைக்கே 'தாய் செஞ்சிலுவை முறை' என்றுதான் பெயர். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கையில் போடுகிற அந்தக் குட்டி ஊசியின் பிறந்த ஊரிலேயே இவர் நின்றுகொண்டிருந்தார்.

"பாம்புப் பண்ணையா? ரெண்டு தடவ பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கேனே!" என்றார்.

புதன்கிழமை காலை போனார். இம்யூனோகுளோபுலினைக் காயத்தில் போட்டார்கள். பில் முந்தைய இரவின் மதிப்பீட்டில் சின்னப் பங்குதான். வெள்ளிக்கிழமை, அதாவது மூன்றாம் நாள் (முதல் ஊசி போட்ட நாளை 0 என்று எண்ணினால்) டோஸும் அங்கேயே. சனிக்கிழமை விமானம்.

தாய்லாந்து போகிறவர்கள் இரண்டு எண்களை போனில் வைத்துக்கொள்ளலாம்: ஆம்புலன்ஸுக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155. இவர் கேஸில் இரண்டும் தேவைப்படவில்லை.

67 என்ற எண்

சிக்கல் ஊருக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. ஏழாம் நாள், ஆகஸ்ட் 13, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மருத்துவ மையத்துக்குப் போயிருக்கிறார். இலவசமாகவே போடுவார்கள். அங்கே அட்டையை நீட்டினார். தனியார் மருத்துவமனையில் கொடுத்த அட்டை; பாதி தாய் எழுத்து, கையால் எழுதியது. தேதி 6/8/67. ஊழியர் அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். 67 வயதுக்காரருக்குப் போட்ட அட்டையா, இவருக்கு அவ்வளவு வயது இல்லையே என்று சந்தேகம். தாய்லாந்தில் புத்தர் ஆண்டுக் கணக்கு. நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். 2024 அவர்களுக்கு 2567. கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எழுதியதால் 67. இது தெரியாமல் யாரும் குழம்பத்தான் செய்வார்கள், ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் அந்தக் குழப்பத்தின் முடிவு, "இது செல்லாது, இன்னைக்கு முதல் ஊசின்னு எடுத்துக்கலாம்" என்பது. வெளிநாட்டில் தொடங்கிய சிகிச்சை ஊரில் அறுகிற இடம் பெரும்பாலும் இதுதான். நோயாளிக்கு இரண்டில் ஒன்று நடக்கும். அலுத்துப்போய் விட்டுவிடுவார், அல்லது முதலிலிருந்து எல்லாவற்றையும் போட்டுக்கொள்வார். முதலாவது ஆபத்து, இரண்டாவது வீண்.

அவர் அங்கே போட்டுக்கொள்ளாமல் நேராக எங்களிடம் வந்தார். மூன்று விஷயத்தைப் பார்த்தோம். எந்தெந்தத் தேதியில் போட்டது, தசையிலா தோலிலா, எந்தத் தடுப்பூசி. தேதியைப் புத்தர் கணக்கிலிருந்து மாற்றியதும் வரிசை சரியாக இருந்தது: 0, 3. இரண்டும் மேற்கையில், தசையில். மருந்து நவீன செல் வளர்ப்புத் தடுப்பூசிதான், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் செய்தது. குப்பியின் ஸ்டிக்கரையே சவோபாவில் அட்டையில் ஒட்டியிருந்தார்கள், ஆங்கிலத்தில் பெயரும் பேட்ச் எண்ணும் இருந்தன. அந்த ஒரு ஸ்டிக்கர் எங்களுக்கு அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தியது.

விதி தெளிவானது. பிராண்ட் மாறினாலும், தவிர்க்க முடியாமல் தசையிலிருந்து தோலுக்கோ தோலிலிருந்து தசைக்கோ மாறினாலும், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இவருக்கு மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. தசைக்கான ஊசி நம்மூர் மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதையே வாங்கி வரச் சொல்லி ஏழாம் நாள் டோஸை அன்று மாலையே போட்டோம். 14, 28 ஆகிய நாட்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தோம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த ஊசியைப் பின்புறத்தில் போடக்கூடாது, அங்கே கொழுப்பில் போய் வேலை செய்யாமல் போகலாம். பெரியவர்களுக்கு மேற்கைத் தசைதான் இடம். வெளிநாட்டில் வேறு இடத்தில் போட்டிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நாய் உயிரோடிருக்கிறது, சரி

பதினோராவது நாள் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. பிரதுநாம் கடைக்காரி ஒருவர், இவருக்குத் துணி சப்ளை செய்கிறவர், பழுப்பு நிற நாய் ஒன்று வாலாட்டிக்கொண்டு சோறு தின்பதை எடுத்து அனுப்பியிருக்கிறார். "நாய் நல்லா இருக்கு டாக்டரம்மா, நிறுத்திடலாமா?"

கேள்வி நியாயமானது. நாய் ரேபிஸைப் பரப்பும் நிலையில் கடித்திருந்தால் பத்து நாளுக்குள் நோய்வாய்ப்பட்டுச் செத்துவிடும். பத்து நாள் கழிந்தும் ஆரோக்கியமாக இருந்தால் மீதி ஊசிகளை நிறுத்தலாம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிமுறை. நாய்க்கும் பூனைக்கும் இது பொருந்தும்; குரங்குக்கோ வௌவாலுக்கோ பொருந்தாது. வீட்டு நாய், கண்முன்னே கட்டிப்போட்டிருக்கிறது என்றால் நானே நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

இங்கே என் சந்தேகம் வேறு: அதே நாய்தானா? கடித்தது இருட்டில். சந்தில் இருந்தது ஒன்றல்ல என்று மச்சானே சொல்கிறார். தெரு நாயில் பழுப்பு நிறம் ஊரெல்லாம் இருக்கிறது, பாங்காக்கிலும் ராயபுரத்திலும். அறிகுறி தொடங்கிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை என்ற நோயில், இரண்டு ஊசி மிச்சம் பிடிக்க ஒரு வாட்ஸாப் வீடியோவை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. தொடர்ந்தோம். செப்டம்பர் 3 அன்று கடைசி ஊசி முடிந்தது.

காப்பீடு

டிக்கெட்டோடு ஏஜென்ட் போட்டுக் கொடுத்த பயணக் காப்பீடு இருந்தது. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டபோது, மருத்துவமனையில் சேர்க்காமல் கொடுத்த சிகிச்சை என்பதால் நீங்களே கட்டிவிட்டு வந்து கேளுங்கள் என்றார்கள். வெளிநோயாளிச் செலவில் முதல் 100 டாலரை நாமே ஏற்க வேண்டும் என்று பாலிசியில் சின்ன எழுத்தில் இருந்தது. இரண்டு பில்களும் தாய்லாந்து மொழியில் இருந்ததால் ஆங்கிலத்தில் மருத்துவச் சான்றும் பில்லும் கேட்டார்கள். சவோபாவில் கிளம்பும்போதே ஆங்கிலப் பிரதியும் வாங்கியிருந்தார். தனியார் மருத்துவமனைக்கு மின்னஞ்சல் அனுப்பி வரவழைக்க வேண்டியிருந்தது. சென்னையில் போட்ட மூன்று ஊசிகள் பாலிசியில் வரவில்லை. கொஞ்சம் பணம் கைக்கு வந்தது, கொஞ்சம் போனது. இதில் இதற்கு மேல் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

கேட்ட ஊசி, கேட்காத ஊசி

இந்தக் கேஸில் நான் யோசித்தது அந்த அட்டைகளைப் பற்றித்தான். அந்த வீட்டில் இருந்த மூளைக்காய்ச்சல் சான்றிதழும் மஞ்சள் காய்ச்சல் அட்டையும் யாரோ கேட்டதால் வந்தவை. ஹஜ்ஜுக்கு சவூதி அரசு கேட்கிறது. போய் இறங்குவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சலை நம் அரசே கேட்கிறது. ஆப்பிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். இவ்வளவு கறார் ஏன் என்றால், அந்த நோய் இந்தியாவில் இல்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அதாவது நம் டெங்கு கொசு, தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஒரு நோயாளி வந்தால் போதும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். 2016 ஜூலை 11 முதல் ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய அட்டையில் பத்து வருடக் காலாவதி எழுதியிருந்தாலும் மறுபடி போட வேண்டியதில்லை. கப்பல்காரர்களுக்கு இது எல்லாம் அத்துப்படி. போடாவிட்டால் கப்பல் ஏற முடியாதே.

இந்த விதிகள் எல்லாம் முதலில் நாட்டைக் காக்க வந்தவை. பயணியை மட்டும் காக்கிற ஊசியை எந்தக் கவுன்டரிலும் யாரும் கேட்க மாட்டார்கள். ரேபிஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், அதனால் எந்தக் குடியேற்ற அதிகாரிக்கும் அதில் அக்கறை இல்லை. சர்க்கரை நோயாளிக்குத் தேவையான ஃப்ளூ ஊசியும் அப்படித்தான். பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டிய டெட்டனஸும் அப்படித்தான். கேட்காததால் போடுவதில்லை. "விசாவுக்கு வேணுமா டாக்டரம்மா?" என்பதுதான் இங்கே முதல் கேள்வி. வேண்டாம் என்றால் பேச்சு முடிந்தது.

அதற்காக பாங்காக் போகும் எல்லோரும் ரேபிஸ் முன்தடுப்பூசி, அதாவது கடிபடுவதற்கு முன்பே போடும் ஊசி, போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவை சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு, கடித்தால் நல்ல சிகிச்சை கிடைக்கிற நகரம் அது. சிங்கப்பூரில் ரேபிஸே இல்லை. பாலித் தீவில் 2008 முதல் இருக்கிறது. மலேசியாவில் சரவாக்கில் 2017 முதல் இருக்கிறது. எண்ணிப் பார்க்க வேண்டியது போகிற இடத்தில் நாய் இருக்கிறதா என்பதை மட்டும் அல்ல, கடித்தால் இம்யூனோகுளோபுலின் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும்தான். சின்னத் தீவு, கிராமம், நடுக்காட்டுப் ப்ராஜெக்ட் என்றால் போட்டுக்கொண்டு போங்கள்.

அடிக்கடி போகிறவர் கணக்கு வேறு. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் முன்தடுப்பூசி இரண்டே வேளை: இன்று ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. அதன் பிறகு எங்கே கடித்தாலும் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும். காயத்தைக் கழுவுவது மட்டும் மாறாது. ராயபுரத்தில் இரவு கடை அடைத்துவிட்டு நடந்து வீடு திரும்புகிறவருக்கு, விமானமே ஏறாவிட்டாலும் அது உதவும். நம் நோயாளி முழுக் கோர்ஸ் முடித்துவிட்டதால் இனி அவருக்கும் இதே சலுகை உண்டு. அட்டையை மட்டும் தொலைக்கக்கூடாது. ஹஜ் சான்றிதழ் இருக்கும் கவரிலேயே வைத்திருக்கிறார்.

மச்சானுக்கும் ஆசை வந்துவிட்டது. செப்டம்பரில் முதல் ஊசி போட்டுக்கொண்டார். ஏழாம் நாள் வரவில்லை. போன் செய்தால் சீனாவின் குவாங்சோவில் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் கழித்து வந்து, "மொதல்ல இருந்து போடணுமா?" என்று கேட்டார். வேண்டாம், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்று இரண்டாவதைப் போட்டு, அட்டையில் ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.